நர்ஸ் வேஷம்

என் மகள் யூகேஜி படிக்கிறாள். ஒருநாள் ஸ்கூல் வேனை விட்டு இறங்கும்போதே பாட்டு மாதிரி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். "எ குக் குக்ஸ், எ கார்டு கார்ட்ஸ், எ நர்ஸ் நர்சஸ்." வேலைக்கும் அந்த வேலையைச் செய்கிற ஆளுக்கும் இங்கிலீஷில் ஒரே பேர் என்று மிஸ் நடத்தியிருக்கிறார். சமைப்பதும் குக், சமைக்கிறவரும் குக். காவல் காப்பதும் கார்டு, காவல் காக்கிறவரும் கார்டு. கோச், கைடு, ஜட்ஜ் எல்லாம் அதே ரகமாம்.

என் வீட்டுக்காரருக்குத் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். தட்டில் கையை வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்.

"அதெப்டி? டிரைவ் பண்றவன் டிரைவர்னா, குக் பண்றவ குக்கர்தானே?"

"ஐயோ அப்பா, குக்கர்னா விசில் அடிக்கும்!"

"உங்கம்மா மட்டும் இன்னா? காலீல எழுந்ததுலேர்ந்து அடிச்சிகினுதான் கீது."

"யோவ், வாயப் பொத்திகினு சாப்புடு" என்றேன். பாப்பா சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். உருண்டு எழுந்தவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மை மதர் இஸ் எ குக். ஷீ குக்ஸ்" என்றாள். முகமெல்லாம் பெருமை. டாக்டர் மகள் கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன். பக்கத்து போர்ஷனுக்குக் கேட்கும் என்பதற்காக இல்லை, அவர்களுக்கெல்லாம் தெரியும். வாயில் பழகிவிட்டால் ஸ்கூலிலும் வந்துவிடுமே என்ற பயம். "இத்த மிஸ்ஸாண்ட சொல்லிடாத. அம்மா ஊட்லதான் கீறாங்கன்னு சொல்லணும், புரிதா?" என்றேன். "ஏன்?" என்றாள். "ஏன்னா ஏன்தான்" என்றேன். குழந்தையிடம் பதில் இல்லாதபோது நான் சொல்கிற பதில் அது.

உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். தமிழில் என் வேலைக்குப் பேர் சமையல்காரி. சமையல் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கும், அந்தக் காரியில்தான் மூக்கு அறுபடும். சில பேர் பாவம் பார்த்து சமையல்காரம்மா என்பார்கள். குக் என்பதில் இந்த வம்பே இல்லை. மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. வேலை என்னவோ அதுதான் ஆள்.

ஆனால் அதுவும் கொஞ்ச நாளில் கசந்துவிட்டது. நான் காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி போரூர் ரோட்டை ஒட்டிய ஓர் அப்பார்ட்மென்ட்டில் மூன்று வீடுகளுக்குச் சமைக்கிறேன். கேட்டில் செக்யூரிட்டி போனில் ஏதோ தட்டுவார். மேலே வீட்டுக்காரர்கள் போனில் என் போட்டோவோடு, உங்கள் குக் உள்ளே வந்துவிட்டார் என்று செய்தி போகும். என் பேர் அதில் வராது. லிப்டில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம், "உங்க குக் லீவா? என் குக்கை அனுப்பட்டுமா?" என்று கேட்கும்போது நானும் அதே லிப்டில் பாத்திரக் கூடையோடு நின்றிருப்பேன். அப்போது அந்தக் காரியே தேவலை என்று தோன்றும். காரி என்றால் திட்டவாவது ஒரு பொம்பளை இருக்கிறாள்.

நான் எதற்கு மறைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பாப்பாவை எல்கேஜி சேர்க்கப் போனபோது அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பிள்ளைக்கு வந்த இன்டர்வியூவா எங்களுக்கு வந்த இன்டர்வியூவா என்று தெரியவில்லை. "அம்மா வேலைக்குப் போறீங்களா? வீட்ல யாரு பாடம் சொல்லித் தருவா?" என்றார் மிஸ். சீட் கிடைக்காமல் போய்விடுமோ என்ற நடுக்கத்தில், "இல்ல மேடம், ஹோம் மேக்கர்" என்றேன். அந்த இரண்டு வார்த்தைகளை முதல் நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பார்ட்மென்ட்டில் கதை நேர் எதிர். நாலாவது மாடி மேடம்தான் முதலில் என்னை வேலைக்கு வைத்தது. அவர் வீட்டில் எனக்கு முன்னால் இருந்த குக்குக்குக் கைக்குழந்தை, அடிக்கடி லீவு. அதனால் சமைக்கத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னாலேயே, "சின்னக் குழந்தை இருக்கா?" என்று கேட்டார். "இல்ல மேடம், ஒரே பொண்ணு, பெரிய பொண்ணு. ஊர்ல எங்கம்மாகிட்ட படிக்குது" என்று அடித்துவிட்டேன். மற்ற இரண்டு வீடும் அந்த மேடம் சொல்லிக் கிடைத்ததுதான். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் மூன்றும் ஒரே நாளில் போய்விடும். வேலை போனால் பாப்பாவின் ஸ்கூலும் போகும்.

ஆக, ஸ்கூலில் எனக்கு வேலை இல்லை. வேலை செய்கிற இடத்தில் எனக்குக் குழந்தை இல்லை. நான் இல்லாத நேரத்தில் பக்கத்து போர்ஷன் அக்கா பாப்பாவை வேனில் ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டதால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் பெரிய கெட்டிக்காரி என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஸ்கூலில் வேஷப் போட்டி வந்தது. நமக்கு உதவி செய்கிறவர்கள் என்று தலைப்பு. டாக்டர், போலீஸ், போஸ்ட்மேன் என்று வேஷம் கட்டி மேடையேறி, பாடத்தில் படித்த மாதிரி இரண்டு வரி இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஜட்ஜ் ஒரு கேள்வி கேட்பார், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். பாப்பா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நான் குக்" என்றாள். "கரண்டி நம்ம வீட்லயே இருக்கும்மா. தொப்பி மட்டும் பேப்பர்ல செஞ்சுக்கலாம்."

"குக்கு வேஷம்லாம் யாரும் போட மாட்டாங்க. சிரிப்பாங்க. நீ நர்ஸு" என்றேன்.

அழுதாள். கரண்டியைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்து கரண்டியைப் பிடுங்கி அலமாரி மேல் போட்டேன். மறுநாள் பூந்தமல்லிக்குப் போய் வேஷத் துணி வாடகைக்கு விடும் கடையில் வெள்ளை கவுனும் தொப்பியும் எடுத்து வந்தேன். "ஐ ஆம் எ நர்ஸ். ஐ நர்ஸ் சிக் பீப்பிள்" என்று சொல்லிக்கொடுத்தேன். உனக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் கவனிப்பார்கள் என்று கேட்டாலும் கேட்பார்கள் என்று மிஸ் சொல்லியிருந்தார். அதற்கு, "மை மதர் நர்சஸ் மீ." அதையும் பழக்கினேன். சோறு ஊட்டும்போது, தலை பின்னும்போது, குளிப்பாட்டும்போது, எந்நேரமும் இதே பாராயணம்தான்.

போட்டி சனிக்கிழமை காலையில். குக்குக்கு லீவு வேண்டுமென்றால் ஒன்று சாவு விழ வேண்டும், இல்லை காய்ச்சல் வர வேண்டும். மற்ற காரணம் எதுவும் செல்லாது. இருமி இருமி நாலாவது மாடி மேடத்துக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "மேடம், ராத்திரிலேர்ந்து ஒரே காச்சல், எழுந்திருக்க முடியல." உடனே பதில் வந்தது. "ரெஸ்ட் எடும்மா. நானும் இன்னைக்கு வெளியதான் போறேன். கஞ்சி குடி, மாத்திரை போடு." நல்ல மனுஷி. போனை ஓரமாக வைத்துவிட்டு, பட்டுப்புடவை எடுத்துக் கட்டி, மல்லிப்பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார்.

ஸ்கூல் ஹாலுக்கு வெளியே வராந்தாவில் ஒரே போலீஸும் டாக்டருமாக ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் பாப்பாவுக்கு முன்னால் ஒரு பையன். நீளமான வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, கையில் கரண்டி. அவன் அம்மா அவனைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. பாப்பா அந்தக் கரண்டியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தொப்பி சரியாக இல்லை என்று அவள் தலையைக் குனிய வைத்துக் கொண்டை ஊசி குத்த ஆரம்பித்தேன்.

"நீ எங்கேம்மா இங்க?"

அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். உப்பு கம்மி என்று தினம் கேட்கிற குரல். திரும்பினால் நாலாவது மாடி மேடம். புடவையில் ஜட்ஜ் என்று எழுதிய பேட்ஜ். அவர் முன்னாள் இங்கிலீஷ் டீச்சர், சின்னப் பிள்ளைகள் போட்டிக்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஸ்கூலுக்கும் வருவார் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

என் ஒரு கை பாப்பாவின் தலையில் இருந்தது. அதை எடுத்தேன். யோசித்து எடுக்கவில்லை, தானாக எடுத்துக்கொண்டது.

"இந்தப் பாப்பாவ கூட்டிகினு வந்தேன் மேடம். இவங்க ஊட்லயும் சமையல் செய்றேன். அவங்கம்மாவால வர முடியல."

"காய்ச்சல்னு சொன்னே?"

"காச்சல்தான் மேடம். மாத்திர போட்டுகினு வந்தேன். அவங்க வுடல, கெஞ்சுனாங்க."

மேடம் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். வராந்தாவின் புழுக்கமோ என் பயமோ, சுட்டிருக்கிறது. "ஆமாம், சுடுதே!" என்றார். அவருக்கு வந்ததே ஒரு கோபம்.

"என்ன ஜென்மம் அது? காய்ச்சல்ல கிடக்கிறவளை அனுப்பிட்டு அவ என்ன பண்றா? ஒரு நாள், அரை நாள், பெத்த குழந்தை மேடை ஏறுறதைப் பார்க்க வர முடியாதா? அப்படி என்ன பெரிய வேலை?"

"தெரியல மேடம்" என்றேன்.

"நீ வேற பாவம், பூவெல்லாம் வச்சு, அம்மா மாதிரி வந்து நிக்கிற."

பாப்பா தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. எல்லாம் புரியும், எதுவும் புரியாது என்கிற வயது. மேடம் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, "யுவர் நேம்?" என்று கேட்டார். பேரைச் சொன்னாள். மேடம் உள்ளே போனதும் என்னைக் கேட்டாள், "நான் யாரு வீட்டுப் பாப்பா?"

"அப்புறம் சொல்றேன், சும்மா இரு. நான் சொல்ற வரைக்கும் அம்மான்னு கூப்டாத" என்றேன்.

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். என் வாயால், என் பிள்ளையிடம், முழு நினைவோடு சொன்னேன். அதுவரை சொன்ன பொய்யெல்லாம் வயிற்றுக்காகச் சொன்னது என்று யாரிடமும் வாதாடுவேன். இதற்கு வாதாட எனக்கு வாய் இல்லை.

ஹாலுக்குள் ஓரமாக, தூணை ஒட்டி நின்றேன். கிளாஸ் மிஸ் கையில் மைக்கோடு மேடையில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். கரண்டிப் பையன் ஐ ஆம் எ செஃப் என்றான், கைதட்டினார்கள். அடுத்தது பாப்பா. இரண்டு வரியையும் தடுமாறாமல் சொன்னாள். மேடம் கீழே முதல் வரிசையில் இருந்து சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பயந்த கேள்விதான். உனக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் உன்னைக் கவனிப்பார்கள்?

பாப்பா வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் கண் ஹாலெல்லாம் தேடி என்னிடம் வந்து நின்றது. பழக்கிய பதில் அவள் நாக்கு நுனியில் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. மை மதர் என்று சொல்லிவிடுவாளோ, சொல்லிவிட்டு என்னைக் கை காட்டிவிடுவாளோ. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கொஞ்சம்தான் ஆட்டினேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"மை குக்" என்றாள்.

"யுவர் குக்?"

"யெஸ் மேம்." கையை நீட்டி என்னைக் காட்டினாள். "ஷீ இஸ் மை குக். ஷீ குக்ஸ். ஷீ நர்சஸ் மீ."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒரு அம்மா உச்சுக் கொட்டினார். "மம்மி வரலையாடா கண்ணா?" என்று மேடம் தமிழில் கேட்டார். "மம்மி வேலைக்குப் போயிருக்காங்க" என்றாள் பாப்பா. அம்மா வேலைக்குப் போகிறாள் என்று அவள் அந்த ஸ்கூலில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மிஸ்ஸுக்கு என்னைத் தெரியும். என்னை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டவர் அவர்தானே. மைக்கை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு, வயிற்றோடு சேர்த்துக் கையைக் கூப்பினேன். அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மைக்கில் அடுத்த பிள்ளையின் பேரைச் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வீட்டுக்காரரை அனுப்பிவிடுகிறேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவேன்?

பாப்பாவுக்குப் பரிசு கிடைத்தது. பயப்படாமல் முழு வாக்கியமாகப் பேசினாளாம். மேடம் பரிசை அவளிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "இவ அம்மாகிட்ட சொல்லு. இவ்வளவு நல்ல குழந்தையைப் பெத்துட்டு பார்க்கக் கொடுத்து வைக்கலைன்னு நான் சொன்னேன்னு சொல்லு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீ பார்த்துக்கோம்மா. உன்னைத்தான் அது அம்மாவா நினைக்குது" என்றார். என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நேரே வீட்டுக்குப் போய்ப் படு என்றார்.

திங்கட்கிழமை அவர் சமையலறையில் நின்று, "சொன்னியா அவகிட்ட?" என்று கேட்டார். "சொன்னேன் மேடம்" என்றேன். "என்ன சொன்னா?" "அழுதாங்க மேடம்." "அழட்டும்" என்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. இப்போதும் அந்த வீட்டில்தான் சமைக்கிறேன். பாப்பா நன்றாக இருக்கிறாளா என்று அடிக்கடி விசாரிப்பார். ஏதாவது பலகாரம் வந்தால் அந்தக் குழந்தைக்குக் கொடு என்று பொட்டலம் கட்டித் தருவார். வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஸ்கூல் கேட்டை விட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பாப்பா என் கையைப் பிடிக்கவில்லை. பரிசை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓரடி தள்ளியே வந்தாள். யார் சொல்லிக்கொடுத்து அப்படி வந்தாள்? ரோட்டில் லாரி போகிறது, கிட்ட வா என்றேன். வந்தாள், ஆனாலும் தொடவில்லை. வேலை செய்கிற வீட்டில் நான் மேடத்தின் பக்கத்தில் எவ்வளவு இடம் விட்டு நிற்பேனோ அவ்வளவு இடம் விட்டு நின்றாள்.

பஸ் வரக் காணோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அவள் தலையிலிருந்து நர்ஸ் தொப்பியைக் கழற்றினேன். ஊசி குத்திய இடத்தில் சிவந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஸ்கூல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அந்த மேடம் போயிட்டாங்களா?"

"போய்ட்டாங்க."

"இப்ப கூப்பிடலாமா?"

கூப்பிடு என்று தலையை ஆட்டினேன். அவள் இன்னொரு தடவை பின்னால் திரும்பி கேட்டைப் பார்த்தாள். ஸ்டாப்பில் நின்றவர்களைப் பார்த்தாள். அப்புறம் எட்டி என் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, யாருக்கும் கேட்காதபடி என் காதில் ரகசியமாக, "அம்மா" என்றாள்.